ஊதாக் கொடியும் உரியவர் பெயரும்

கொடி தனித்து நில்லாது. அது பற்றிப் படர ஒரு கொழுகொம்பு வேண்டும். இவ்வுண்மையை உணர்த்தத் தமிழர்க்கு வேறு சான்று வேண்டா. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். ஓராண்டு அக்கதையைச் சொல்லி முடித்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, தேர் கொடுத்தவர் பெயர் தெரிகிறது. அந்த முல்லையை நட்டவர் யார்?” என்று வினவினாள். “காட்டு முல்லைக்கு நட்டவர் எவரும் இலர், அம்மா” என்று விடை கூறி அவளை அமர்த்தினேன். விடை தவறன்று. ஆயினும் அவள் வினா என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில், மேலைநாட்டுத் தோட்டங்களில் புகழ்பெற்று விளங்கும் விஸ்டீரியா என்னும் பூங்கொடியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, அச்சிறுமியின் வினா மீண்டும் என் முன் வந்து நின்றது. அதன் விளைவே இக்கட்டுரை.

கொடியின் இயல்பு

நம் நாட்டுச் சமவெளியில் விஸ்டீரியாவைக் கண்டவர் அரியர். அது குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்ந்து, இளவேனிலில் விழித்தெழும் இயல்பினது. சரக்கொன்றையை நாம் அனைவரும் அறிவோம். அதன் பொன்னிறச் சரங்களை ஊதா நிறத்தனவாக மாற்றி, மரத்திலன்றிக் கொடியில் தொங்கவிட்டாற்போல் எண்ணிப் பார்த்தால், விஸ்டீரியாவின் தோற்றம் ஓரளவு மனக்கண்ணில் விளங்கும். கொன்றையைப் போலவே இதுவும் அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. நெற்று முற்றியபின் ஓசையுடன் வெடித்து விதையைத் தெறிக்கச் செய்யும். விதையும் நெற்றும் நச்சுத்தன்மை உடையன. ஆகவே குழந்தைகள் உள்ள இல்லங்களில் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

தோட்டங்களில் பெரிதும் காணப்படும் வகைகள் மூன்று. வட அமெரிக்க வகை ஒன்று. சீன வகை ஒன்று. ஜப்பானிய வகை ஒன்று. அமெரிக்க வகை அடக்கமாகப் படர்வது. சிறிய பூங்கொத்துகளை உடையது. சீன வகை இலை விரியுமுன்னரே பெரும்பாலும் ஒருசேரப் பூத்துவிடும். ஜப்பானிய வகையின் சரங்கள் நீளமானவை. சிலவற்றில் ஒரு மீட்டரையும் கடந்து தொங்கும். சீன வகை, மேலிருந்து நோக்கின், இடஞ்சுழியாகச் சுற்றி ஏறும். ஜப்பானிய வகை வலஞ்சுழியாகச் சுற்றி ஏறும். பூ இல்லாத நாளிலும் தண்டின் திருக்கைக் கொண்டே இன்ன வகை என்று தோட்டக்காரர் சொல்லிவிடுவர்.

பெயர் வந்த வரலாறு

இங்கிலாந்துக்கு முதலில் வந்தது அமெரிக்க வகையே. இயற்கை ஆய்வாளர் மார்க் கேட்ஸ்பி 1724ஆம் ஆண்டில் கரோலினாவிலிருந்து அதனை அனுப்பினார் என்பர். அக்காலத்தில் அதற்குக் ‘கரோலினா அவரை’ என்ற பொருளில் பெயர் வழங்கியது. லின்னேயஸ் 1753இல் அதனைக் கிளைசின் என்னும் இனத்தில் அடக்கினார்.

1818ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிலடெல்பியா நகரில் காஸ்பர் விஸ்டார் என்னும் மருத்துவப் பேராசிரியர் காலமானார். அவர் உடற்கூற்றியல் கற்பித்தவர். நகரத்து அறிஞர்களைத் தம் இல்லத்தில் கூட்டி விருந்தோம்பியவர். அவ்வாண்டில் வட அமெரிக்கத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட தாமஸ் நட்டால், இக்கொடிக்குத் தனி இனம் வகுத்து, அப்பேராசிரியரின் நினைவாகப் பெயர் சூட்டினார். அப்பெயரில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேராசிரியரின் பெயரில் உள்ளது ‘விஸ்டார்’; கொடியின் பெயரோ ‘விஸ்டீரியா’. அச்சேறியபோது எழுத்து மாறியது. அம்மாற்றம் பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்று அறிஞர் பலகாலம் வாதிட்டனர். முதலில் அச்சான எழுத்தே இன்றளவும் நிலைத்துவிட்டது. எழுத்துப் பிழையைத் திருத்துவதே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களாகிய நாம் இதனைக் கண்டு புன்னகை செய்யலாம்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். காஸ்பர் விஸ்டார் நல்லவர், அறிஞர். ஆயினும் இன்று உலகெங்கும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கொடிகளுள் பெரும்பாலானவை அவர் நாட்டினவல்ல. சீனத்திலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாக மக்கள் பேணி வளர்த்த கொடிகளே அவை. சீனர் அதனை ‘ஊதாக் கொடி’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஜப்பானியர் ‘ஃபூஜி’ என்றனர். அந்நாட்டு ஃபூஜி மலையின் பெயரோ வேறு எழுத்தால் எழுதப்படும் வேறு சொல். ஜப்பானிய வரலாற்றில் பல நூற்றாண்டு அரசியலை நடத்திய ஃபூஜிவாரா குடியின் பெயருக்கு ‘ஃபூஜிக் கொடி படர்ந்த வெளி’ என்பதே பொருள்.

காண்டன் நகரத்துத் தோட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பேரரசு அயல்நாட்டு வணிகர்க்குக் காண்டன் என்னும் ஒரே துறைமுகத்தைத்தான் திறந்து வைத்திருந்தது. அங்கும் அவர்கள் நினைத்தவாறு நடமாட இயலாது. ஆற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட பண்டகசாலைகளில் தங்கி, அரசின் இசைவு பெற்ற சீன வணிகர் வாயிலாகவே கொள்வதும் கொடுப்பதும் நிகழ வேண்டும். அவ்வணிகரை ஹாங் வணிகர் என்பர். நாட்டின் உட்பகுதிக்குச் சென்று செடி தேடும் வாய்ப்பு அயலாருக்கு இல்லை. நகரையடுத்த ஃபாத்தி நாற்றங்கால்களையும், செல்வ வணிகரின் தோட்டங்களையும் கண்டு மகிழ்வதே அவர்களால் கூடியது.

அத்தகைய ஹாங் வணிகருள் ஒருவர் பான் சாங்யாவ். அயலார் அவரைக் கான்சீக்வா என்று அழைத்தனர். அவர் தோட்டத்தில் ஊதாக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. அக்கொடியை அவர் உறவினர் ஒருவர் ஃபூஜியன் மாநிலத்துச் சாங்சௌ பகுதியிலிருந்து கொணர்ந்தார் என்று கூறப்படுகிறது. ஃபூஜியன் என்ற பெயர் நமக்குப் புதியதன்று. இந்நாட்டில் நம்மோடு வாழும் ஹொக்கியன் சீனர் பலரின் மூதாதையர் புறப்பட்டு வந்த நிலம் அதுவே.

அந்நாளில் ஜான் ரீவ்ஸ் என்பார் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலை ஆய்வாளராகக் காண்டனில் பணிபுரிந்தார். 1812இல் அங்கு வந்த அவர் 1831 வரை அத்தொடர்பை விடவில்லை. தேயிலையை முகர்ந்து தரம் பிரிப்பது அவர் தொழில். செடிகளைத் திரட்டித் தாய்நாட்டுக்கு அனுப்புவது அவர் விருப்பம். சீன ஓவியர்களைக் கொண்டு செடிகளையும் மீன்களையும் பறவைகளையும் வண்ணப் படங்களாக எழுதுவித்தார். அப்படங்கள் இன்றும் இலண்டனில் காக்கப்பட்டு வருகின்றன. அக்கூட், அக்காம், ஆக்யூ, ஆசுங் என்னும் நால்வரின் பெயர்கள் அவருடைய குறிப்புகளில் எஞ்சியிருப்பதால்தான், அவ்வோவியருள் சிலரையேனும் இன்று நாம் பெயர் சொல்லிக் குறிப்பிட முடிகிறது.

1816ஆம் ஆண்டு மே திங்களில் இரண்டு கும்பினிக் கப்பல்கள் சில நாள் இடைவெளியில் இங்கிலாந்தை அடைந்தன. ஒன்று ‘வாரன் ஹேஸ்டிங்ஸ்’. அதன் தலைவர் ரிச்சர்ட் ராஸ். மற்றொன்று ‘கஃப்னெல்ஸ்’, அதன் தலைவர் ராபர்ட் வெல்பேங்க். கான்சீக்வாவின் தோட்டத்துக் கொடியிலிருந்து பெற்ற கன்றுகள் அவ்விரு கப்பல்களிலும் உயிருடன் வந்து சேர்ந்தன.

‘உயிருடன்’ என்ற சொல்லை நாம் எளிதாகப் படித்துச் செல்லலாகாது. மாதக்கணக்கில் நடக்கும் பயணம், உப்புக் காற்று, குடிநீர்த் தட்டுப்பாடு, நன்னம்பிக்கை முனையின் புயல். மக்காவில் இருந்த ஜான் லிவிங்ஸ்டன் என்னும் மருத்துவர், சீனத்திலிருந்து அனுப்பப்படும் ஆயிரம் செடிகளில் ஒன்றே பிழைக்கிறது என்றும், மடிந்தவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் பிழைத்த செடி ஒவ்வொன்றின் விலையும் 300 பவுனுக்கு மேலாகும் என்றும் 1819இல் எழுதினார். நாத்தானியேல் வார்டு கண்டுபிடித்த, மூடிய கண்ணாடிப் பேழையில் செடிகளைக் கப்பலேற்றும் முறை 1833ஆம் ஆண்டுப் பயணத்தில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கன்றுகள் கடல் கடந்துவிட்டன. அவற்றுக்கு வழியெல்லாம் நீர் வார்த்த கப்பல் ஊழியர் எவர் என்பதை எந்நூலும் கூறவில்லை.

கண்ணாடி மனையில் நேர்ந்த பிழை

வந்த கன்றுகளுள் ஒன்று சரே மாவட்டத்தில் ரூக்ஸ்நெஸ்ட் என்னும் இடத்திலிருந்த சார்ல்ஸ் ஹாம்ப்டன் டர்னரின் தோட்டத்தைச் சேர்ந்தது. அங்கே நடந்ததுதான் இவ்வரலாற்றில் ஆசிரியர்க்கு மிகவும் பயன்படும் பகுதி.

காண்டன் வெப்பமான நகரம். ஆகவே காண்டனிலிருந்து வந்த செடியும் வெப்பத்தையே விரும்பும் என்று தோட்டத்தார் கருதினர். பீச் மரங்களுக்காக அமைத்த கண்ணாடி மனையில் அதனை நட்டு, ஏறத்தாழ 84 பாரன்ஹீட் பாகை வெப்பத்தில் வைத்துப் பேணினர். விருந்தினர்க்குக் குறை நேரலாகாது என்ற நல்லெண்ணமே அது. ஆனால் செடி செழிக்கவில்லை. செஞ்சிலந்திப் பேன் பற்றி அதனை வாட்டியது. பின்னர் அதனைக் குளிர்ந்த மனைக்கு மாற்றினர். அங்கே குளிர்காலத்தில் உறைபனியும் தாக்கியது. மடிந்துவிடும் என்று எண்ணத்தக்க அச்செடி மடியவில்லை. தெம்புற்றுத் தளிர்த்து 1819இல் பூத்தது. அப்பூவைப் பார்த்து வரைந்த படம் அவ்வாண்டே தாவரவியல் இதழில் வெளிவந்தது. அதற்குப் பின்னரே, இக்கொடி திறந்த வெளியில் வெயில் படும் சுவரோரம் நின்று வாழவல்லது என்பதை இங்கிலாந்து மெல்ல மெல்ல உணர்ந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? கொடி எங்கிருந்து கப்பலேறியது என்று மட்டும் கேட்டார்கள். அது எப்படி வாழும் இயல்புடையது என்று கேட்கவில்லை. அன்பு குறையவில்லை, ஆய்வுதான் குறைந்தது.

இதனைப் படித்தபோது நான் வெட்கினேன். ஆசிரியப் பயிற்சி முடித்துத் தோட்டப்புறப் பள்ளியொன்றில் பணியேற்ற புதிதில், ஆண்டின் நடுவே வேறு தோட்டத்திலிருந்து ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். அவன் வந்த இடத்தையும் வீட்டு நிலையையும் கேட்டறிந்த நான், ‘இவனுக்குக் கடினமான கணக்கு ஆகாது’ என்று இரக்கத்தோடு முடிவு செய்தேன். எளிய பயிற்சிகளையே கொடுத்து வந்தேன். அவன் நாளுக்கு நாள் சோர்ந்தான். சோம்பேறி என்று நினைத்தேன். மறு ஆண்டு அவ்வகுப்பை ஏற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் அவனுக்கு மற்றவர்க்குரிய கணக்குகளையே கொடுத்தார். மூன்று மாதத்தில் அவன் வகுப்பின் முன்வரிசைக்கு வந்துவிட்டான். நான் கட்டியதும் ஒரு கண்ணாடி மனைதான். அதனை இரக்கம் என்று அழைத்தேன்.

வளர்க்கும் முறை

ரூக்ஸ்நெஸ்ட் கற்பித்த பாடத்திற்குப் பின் வளர்ப்பு முறை படிப்படியாகத் தெளிவுற்றது. மிதவெப்ப நாட்டுத் தோட்டத்தார் இன்று பின்பற்றும் நெறிகளைச் சுருங்கக் கூறின் அவை பின்வருமாறு:

விதையிலிருந்து வளர்த்த கொடி பூக்க இருபது ஆண்டுகளும் ஆகக்கூடும். பூத்தபின்னும் அதன் தரம் எப்படியிருக்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே ஒட்டுக்கட்டிய கன்றையோ பதியம் போட்ட கன்றையோ நடுவர். வெயில் நன்கு படும் சுவர் வேண்டும். சுவரில் கம்பிகளை ஒட்டாமல் சற்று விலக்கிக் கட்ட வேண்டும். தண்டு பருத்து மரம்போல் ஆகிவிடுமாதலின் நலிந்த பந்தல் அதனைத் தாங்காது. உரத்தை அள்ளிக் கொட்டுதல் தவறு. அவரைக் குடும்பத்துச் செடியாதலின் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றின் தழைச்சத்தைத் தானே பெறும். மிகுதியாகத் தழைச்சத்து இட்டால் இலை அடரும், பூ குறையும்.

யாவற்றினும் தலையாயது கவாத்து. இக்கொடிக்கு ஆண்டில் இருமுறை கவாத்து வேண்டும். சூலை, ஆகஸ்டுத் திங்களில், அவ்வாண்டு நீண்டு வளர்ந்த தண்டுகளை ஐந்து அல்லது ஆறு இலை அளவில் நறுக்குவர். சனவரி, பிப்ரவரித் திங்களில், இலையுதிர்ந்து கொடி உறங்கும்போது, அதே தண்டுகளை இரண்டு அல்லது மூன்று மொட்டு அளவுக்குக் குறைப்பர். பருத்த மொட்டு பூவாகும். மெலிந்த மொட்டு இலையாகும். இவ்வேறுபாடு அறியாமல் வெட்டுபவர் அவ்வாண்டின் பூவையே வெட்டி எறிந்தவராவர். இத்தனையும் செய்தபின்னும், இளவேனிலில் காலந்தாழ்ந்து வரும் ஓரிரவு உறைபனி மொட்டு முழுவதையும் கருக்கிவிடக்கூடும். அவ்வாறாயின் தோட்டக்காரர் மறு ஆண்டை நோக்கிக் காத்திருப்பார், வேறு வழியில்லை.

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கலிபோர்னியாவின் சியரா மாட்ரே நகரில் 1894ஆம் ஆண்டு நட்ட சீன விஸ்டீரியா ஒன்று, ஏறக்குறைய ஓர் ஏக்கர் பரப்பில் படர்ந்து, தன்னைத் தாங்கிய வீட்டையே தன் எடையால் சிதைத்துவிட்டது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிகளில் சீன, ஜப்பானிய வகைகள் தோட்ட வேலியைத் தாண்டிக் காட்டில் புகுந்து, மரங்களை இறுகச் சுற்றி நெரிக்கின்றன. அங்கே அவை இன்று களையாகக் கருதப்படுகின்றன. அழகுக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மூத்த கொடிகள்

ஜப்பானிய வகையை ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தவர் பிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட் என்னும் மருத்துவர். அவர் 1823 முதல் 1829 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். சீனத்து வெள்ளை வகையை 1840களில் இராபர்ட் ஃபார்ச்சூன் அனுப்பினார். அப்போது அபினிப் போர் முடிந்து, சீனத் துறைமுகங்கள் பல வலிந்து திறக்கப்பட்டிருந்தன. பூவின் வரலாற்றிலும் பீரங்கியின் ஓசை கேட்கத்தான் செய்கிறது.

எதோ நகரத்துக் கமெய்தோ கோயிலின் ஃபூஜிப் பந்தலை ஹிரோஷிகே என்னும் ஓவியர் 1856இல் அச்சோவியமாக்கினார். அத்தகைய ஓவியங்களை விரும்பித் திரட்டிய பிரெஞ்சு ஓவியர் மோனே, ஷிவெர்னியில் தாம் அமைத்த ஜப்பானியப் பாலத்தின்மேல் விஸ்டீரியாவைப் படரவிட்டு, அதனையே மீண்டும் மீண்டும் தீட்டினார்.

ஜப்பானின் ஆஷிகாகா நகரப் பூங்காவில் நூற்றைம்பது ஆண்டு கடந்த ஃபூஜிக் கொடி ஒன்று உள்ளது. அதன் பந்தல் இன்று ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்புடையது. அக்கொடி அங்கேயே முளைத்ததன்று. 1996இல், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டது. முதிர்ந்த கொடியைப் பெயர்த்தால் மடியும் என்று பலரும் அஞ்சினர். கொனாமி ட்சுகமோட்டோ என்னும் மர மருத்துவ அம்மையார் முன்னின்று, எலும்பு முறிந்தோர்க்குக் கட்டும் சுண்ணக் கட்டினைப் போல் தண்டைச் சுற்றிக் கட்டிக் காத்து, அதனைப் பிழைக்க வைத்தார். அவர் பெயர் அப்பூங்காவோடு இணைத்துப் பேசப்படுகிறது. நட்டவருக்கு இல்லாவிடினும் காத்தவருக்கேனும் அப்பேறு வாய்த்தது.

உரியவர் பெயர்

இனிக் காண்டனுக்கு மீள்வோம். தம் தோட்டத்துக் கொடியை அயலார்க்கு ஈந்த கான்சீக்வா என்ன ஆனார்?

அவர் அமெரிக்க வணிகர் பலர்க்குத் தேயிலையும் பட்டும் கடனாகக் கொடுத்தார். பலர் திருப்பித் தரவில்லை. கடல் கடந்து வழக்காடும் வசதி அவருக்கில்லை. 1814இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மாடிசனுக்கே முறையீடு எழுதினார். பயன் விளையவில்லை. தமக்கு வரவேண்டியது வாராமலும், தாம் கொடுக்கவேண்டியதைக் கொடுக்க இயலாமலும் நலிந்து 1823இல் அவர் கடனாளியாகவே இறந்தார். அவர் அமெரிக்கரிடம் நீதி கேட்டுக் காத்திருந்த ஆண்டுகளிலேதான், அவர் தோட்டத்து வகையும் சேர்ந்த இனத்துக்கு அமெரிக்கர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. நட்டால் சீனக் கொடியை மனத்திற்கொண்டு அப்பெயரை வைக்கவுமில்லை. எனினும் கொடுத்தவர் பெயர் மறைய, கொடாதவர் பெயர் நிலைத்த கதை இது.

கான்சீக்வாவாவது செல்வர், அவர் பெயர் கணக்கேடுகளில் எஞ்சியது. அவர் தோட்டத்தில் அக்கொடிக்கு நீர் வார்த்தவர் யார்? பதியம் போட்டவர் யார்? சாங்சௌவில் முதற்கன்றை எடுத்துக் கொடுத்தவர் யார்? வரலாறு என்பது எழுதி வைத்தவரின் வரலாறாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. மலேசியத் தமிழராகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இந்நாட்டின் இரப்பர்க் காடுகளை நட்ட கைகளில் எத்தனைக்குப் பெயர் எஞ்சியுள்ளது என்று நம் பாட்டன்மாரை எண்ணிப் பார்த்தாலே போதும்.

எங்கள் பள்ளி வாயிலில் இரங்கூன் மல்லி ஒன்று வளைவின்மேல் படர்ந்து மாலைதோறும் மணக்கிறது. அலுவலறைச் சுவரில் தலைமையாசிரியர் அனைவரின் பெயரும் பொன்னெழுத்தில் உள்ளன. அக்கொடியை நட்டவர் பெயர் எங்கும் இல்லை. பாரியின் முல்லையைப் பற்றி வினவிய அச்சிறுமி பள்ளியை விட்டுச் சென்று ஆண்டுகள் பல ஆயின. அவளுக்கு நான் கூறத் தவறிய விடையை, அவளுக்குப் பின்வந்த மாணவர்க்கு ஒரு பணியாகக் கொடுத்தேன். வீடு வீடாகச் சென்று முதியோரைக் கேட்டு வரச் செய்தேன். மூன்று வாரத்தில் விடை கிடைத்தது. பால்மரம் வெட்டும் வேலையை முடித்துவிட்டு, மாலையில் பள்ளியைக் கூட்டிப் பெருக்க வந்த ஓர் அம்மையார், தம் வீட்டு வாசலிலிருந்து கொணர்ந்து பதித்த கன்று அது.

அவர் பெயரை மாணவர் தம் கையாலேயே பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினர். பின் ஒரு பலகையில் எழுதிக் கொடியின் அடியில் நட்டனர். அப்பெயரை அறிய விரும்புவோர் எங்கள் பள்ளிக்கு வரலாம். மாலை வேளையில் வருவது நன்று. அப்போதுதான் பூ மணக்கும்.